அகத்தியருக்கு ஓர் ஆசிரமம்

வேலியிலே போகிற ஓணானை எடுத்து மடியிலே விட்டுக்கொண்டு, ‘குத்துகிறதே, குடைகிறதே’ என்று ஒருவன் அழுதானாம். இந்தப் பழமொழியைச் சிறு வயதில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பெரியவர்கள் இதை எனக்காகவே உண்டாக்கினார்களோ என்று சந்தேகிக்கும்படியான பல காரியங்களைச் செய்துமிருக்கிறேன். ஆயினும், மெய்யாகவே ஓர் ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு ஒரு குளிர்காலம் முழுவதையும் கழிக்கப் போகிறேன் என்று கனவிலும் கருதியதில்லை.

2023-ஆம் வருஷம் மே மாதத்தில், ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்திலுள்ள என் தங்கையின் வீட்டில் போய் இறங்கினேன். நம் ஊரில் கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த சமயம். அங்கேயோ குளிர்காலம் வாசற்படியில் வந்து நின்றுகொண்டிருந்தது. என்னை வரவேற்றவர்கள் நால்வர்: தங்கை, மாப்பிள்ளை, பன்னிரண்டு வயது மருமான், அகத்தியர்.

அகத்தியர் ஓர் ஓணான். நம் வேலி ஓணானும் அவரும் ஒரே குலத்தைச் சேர்ந்தவர்கள். ஆனால் அவருக்குக் கழுத்தைச் சுற்றித் தாடிபோல் முள் முள்ளாகச் செதில் உண்டு. கோபம் வந்தால் அந்தத் தாடியைப் புஸ்ஸென்று உப்பவைத்து, கரேலென்று கறுக்கவும் வைத்துக்கொள்வார். ‘தாடி ஓணான்’ என்றே அந்த நாட்டாரும் அழைக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் உட்பகுதியிலுள்ள வறண்ட செம்மண் பிரதேசங்கள்தான் இதன் தாயகம். 1926-இல் ஆல் என்ற ஜெர்மானிய விலங்கியல் அறிஞர் இந்த இனத்துக்குச் சாஸ்திரப் பெயர் சூட்டினார். வளர்ந்தால் வாலோடு சேர்த்து ஒன்றரை அடி முதல் இரண்டடி வரை நீளமிருக்கும். நன்றாகப் பராமரித்தால் பத்து வருஷமும் அதற்கு மேலும் உயிர் வாழும். குள்ள உருவம், தாடி, தென்திசை வாசம் ஆகிய மூன்று லட்சணங்களும் பொருந்தியிருந்தபடியால், ‘அகத்தியர்’ என்று என் தங்கை நாமகரணம் செய்துவிட்டாள். அன்று முதல் வீட்டில் எல்லோரும் அவரை மரியாதைப் பன்மையிலேயே குறிப்பிட்டு வந்தார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிட வேண்டும். இராமபிரான் தாகத்துக்கு ஜலம் கேட்டபோது அணில் இளநீர் கொடுத்ததாகவும், ஓணான் செய்யத் தகாததைச் செய்ததாகவும் ஒரு கதை சொல்லி, நாங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஓணான் வம்சத்தின்மீது கல்லும் சுருக்குக் கயிறுமாகப் படையெடுத்ததுண்டு. ஆகவே அகத்தியரைப் பார்த்தவுடன் எனக்குச் சற்றுக் கூச்சமாக இருந்தது. அவரோ என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, முன்கை ஒன்றை மெதுவாகத் தூக்கி வட்டமாக ஆட்டினார். ஆசீர்வாதம் என்று எண்ணினேன். ‘நான் சிறியவன், சண்டைக்கு வரவில்லை’ என்பதற்கு அந்த ஜாதியில் அதுவே அடையாளம் என்று மருமான் விளக்கிய பிறகு கூச்சம் இன்னும் அதிகமாயிற்று.

அவருக்கு அப்போது வயது ஆறு மாதம். வேறு ஊருக்குக் குடிபோன ஒரு குடும்பத்தாரிடமிருந்து ஜாகையோடு சேர்ந்து வந்தவர். விக்டோரியா மாநிலத்தில் இதை வளர்க்க அரசாங்க உரிமம் வேண்டும். காட்டிலிருந்து பிடித்து வந்தால் குற்றம். மாப்பிள்ளை உரிமத்தை ஒழுங்காக வாங்கி வைத்திருந்தார். ஜாகைதான் ஒழுங்காக இல்லை. அது எங்களில் யாருக்கும் தெரியவுமில்லை.

மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி ஒன்று, இரண்டடி நீளம். அடியில் மணல். ஒரு மூலையில் மின்சாரத்தால் சூடாகும் செயற்கைப் பாறை. இரவும் பகலும் எரியும் ஒரு சிவப்பு பல்பு. மேலே கண்ணாடி மூடி. மூடிக்கு மேல் ஒரு குழல் விளக்கு. பார்வைக்கு வெகு அழகு. சினிமாவில் வரும் பாலைவனக் காட்சி போலவே இருந்தது.

வந்த மூன்றாம் நாள் நான் யோசனை சொல்ல ஆரம்பித்தேன். விருந்தாளிக்கு வேறு என்ன வேலை?

“ஏண்டா, விளக்கெல்லாம் எதற்கு? சூரிய பகவான் இலவசமாக அல்லவா வெளிச்சம் கொடுக்கிறார்? தொட்டியை ஜன்னலண்டை வைத்துவிடு” என்றேன்.

“எந்த ஜன்னல், மாமா?”

“தெற்கு ஜன்னல்” என்று சொல்லி, அங்கே சூரியன் வடக்கே சாய்ந்து போகிறான் என்ற பூகோள பாடத்தைப் பன்னிரண்டு வயதுப் பையனிடம் கற்றுக்கொண்டேன். கடைசியில் தொட்டி வடக்கு ஜன்னலுக்குப் போயிற்று. அகத்தியர் வெயிலில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். எனக்குப் பரம திருப்தி.

இரண்டு வாரம் சென்றது. அகத்தியர் வெட்டுக்கிளியைத் துரத்துவதை நிறுத்தினார். பிறகு, மூக்கின் முன்னால் வந்து நின்ற வெட்டுக்கிளியையும் கவ்வவில்லை. ஒரு நாள் காலை பார்த்தால், கைவிரல்கள் தாமாகத் துடித்துக்கொண்டிருந்தன. வயிற்றைத் தூக்கி நடக்க மாட்டாமல் மணலில் இழுத்துக்கொண்டு போனார். மருமான் அவரைக் கையில் எடுத்து, தாடையை மெல்லத் தொட்டுப் பார்த்தான். “மாமா, ரப்பர் மாதிரி இருக்கிறது” என்றான். அவன் குரலைக் கேட்டு, அடுக்களையிலிருந்த தங்கை கரண்டியோடு ஓடி வந்தாள்.

மிருக வைத்தியசாலையில் இருந்த பெண் டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். எலும்புகள் இருக்க வேண்டிய இடத்தில் பனிமூட்டம் போன்ற நிழல்தான் தெரிந்தது. நாங்கள் வெட்டுக்கிளி, கீரை, சுண்ணாம்புச் சத்துத் தூள் என்று உணவு விவரங்களை ஒப்பித்தோம். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, “என்ன விளக்கு? வாங்கி எத்தனை நாளாயிற்று?” என்று கேட்டார். எங்களுக்குப் பதில் தெரியவில்லை. “விளக்கையும் மூடியையும் நாளைக்குக் கொண்டுவாருங்கள்” என்றார்.

மறுநாள் அவர் ஒரு சிறிய அளவு கருவியை எடுத்து, எரியும் குழல் விளக்கின் கீழே பிடித்தார். 0.3 என்று காட்டியது. நடுவில் கண்ணாடி மூடியைப் பிடித்தார். பூஜ்யம். அறையெல்லாம் வெளிச்சம், கருவியில் பூஜ்யம். “விளக்கு எரிகிறது என்பதனால் அது வேலை செய்கிறது என்று அர்த்தமாகாது” என்றார் டாக்டர். நான் ஜன்னல் விஷயத்தை மெதுவாகக் கேட்டேன். ஜன்னலுக்கும் அதே கதிதான் என்று தெரிந்தது. என் யோசனையை யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை, மருமானும் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். சூரிய வெளிச்சத்தில் நம் கண்ணுக்குத் தெரியும் ஏழு நிறங்களுக்கு அப்பால், அல்ட்ரா வயலெட் என்னும் கிரணங்கள் இருக்கின்றன. அவற்றில் யூ.வி.பி. என்ற வகை ஓணானின் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி உற்பத்தியாகிறது. அது உற்பத்தியானால்தான் தின்ற சுண்ணாம்புச் சத்து குடலிலிருந்து இரத்தத்தில் சேரும். சேராவிட்டால், இரத்தத்துக்கு வேண்டிய சுண்ணாம்பை உடம்பு எலும்பிலிருந்து கடன் வாங்குகிறது. கடன் ஏற ஏற எலும்பு ரப்பராகிறது. சாதாரணக் கண்ணாடி, வெளிச்சத்தை உள்ளே விட்டு யூ.வி.பி.யை வாசலிலேயே தடுத்துவிடும். வைட்டமினை வாய் வழியாகக் கொடுத்தால் என்ன என்று தோன்றும். இளம் தாடி ஓணான்களை வைத்து இதைச் சோதித்து 2010-இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். கிரணத்தில் காய்ந்த குட்டிகளின் இரத்தத்தில் இருந்த அளவுக்கு, தூள் தின்ற குட்டிகளின் இரத்தத்தில் வைட்டமின் ஏறவில்லை. வெளியே கொண்டுபோய் வெயில் காட்டுவதற்கும் வழியில்லை. ஜூன் மாதத்து மெல்போர்னில் நடுப்பகலில்கூட அல்ட்ரா வயலெட் குறியீட்டு எண் சுமார் இரண்டுதான். சென்னையில் கோடையில் அது பத்தைத் தாண்டும். தவிர, அந்தக் குளிரில் அகத்தியரை வெளியே வைத்தால் கல்லாய்ச் சமைந்துவிடுவார்.

ஆகவே, ஆசிரமத்தைப் புதிதாகக் கட்டுவது என்று தீர்மானமாயிற்று. மாப்பிள்ளை ரம்பத்தை எடுத்தார். நான் அளவுகோலைப் பிடித்தேன். யோசனை சொல்லும் உத்தியோகத்திலிருந்து என்னை நீக்கியிருந்தார்கள்.

நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம்: வளர்ந்த ஓர் ஓணானுக்கு இதற்குக் குறைந்தால் ஆகாது. இதைவிடப் பெரிதானால் இன்னும் உத்தமம். மூன்று பக்கமும் கூரையும் ஒட்டுப்பலகை. முன்பக்கத்தில் மட்டும் பக்கவாட்டில் நகரும் கண்ணாடிக் கதவு. நாலு பக்கமும் கண்ணாடியானால் வெப்பம் நிற்காது என்பது ஒரு காரணம். தன் உருவத்தையே கண்ணாடியில் கண்டு, எதிரி என்று எண்ணி நாளெல்லாம் முட்டிக்கொண்டிருப்பது மற்றொரு காரணம். பலகைக்கு நீரில் கரையும் வார்னிஷ் இரண்டு தடவை பூசி, வாசனை அடியோடு போகும்வரை காயவிட்டோம். குளிர்ந்த கோடியில் தாழ்வாகவும் சூடான கோடியில் உயரமாகவும் காற்றுத் துவாரங்கள் வைத்தோம். வறண்ட தேசத்துப் பிராணியாதலால் உள்ளே ஈரம் தேங்கக் கூடாது. காற்றின் ஈரப்பதம் முப்பது, நாற்பது சதவீதத்தைச் சுற்றி இருந்தால் போதும்.

‘சூடான கோடி, குளிர்ந்த கோடி’ என்றேன் அல்லவா? நாலடி நீளம் வேண்டுமென்பதன் ரகசியம் அதில்தான் இருக்கிறது. நம்மைப்போல் ஓணானுக்கு உடம்புக்குள் அடுப்பு இல்லை. காலையில் உடம்பைக் கருமையாக்கிக்கொண்டு வெயிலில் காய்ந்து, சுமார் முப்பத்தைந்து டிகிரி ஸெல்ஸியஸ் ஏறியதும் நிழலுக்குப் போய், ஆறியதும் மறுபடி வெயிலுக்கு வந்து, இப்படி நடந்து நடந்தே தன் உஷ்ணத்தை நிர்ணயித்துக்கொள்கிறது. பழைய தொட்டியில் எங்கே போனாலும் ஒரே உஷ்ணம். நடப்பதற்கு அவசியமுமில்லை, போக இடமுமில்லை. புதிய வீட்டில் ஒரு கோடியில் அவர் படுத்துக் காயும் கல்லின் மேற்பரப்பு நாற்பது டிகிரி; மறு கோடி இருபத்தினாலு. நடுவிலுள்ள நாலடியில் அவருக்கு வேண்டிய சீதோஷ்ணத்தை அவரே தேர்ந்துகொள்ளலாம். இந்தச் சுதந்திரம் இல்லாத பெட்டிக்கு எத்தனை அலங்காரம் செய்தாலும் அது சிறைச்சாலைதான்.

சூடாகும் செயற்கைப் பாறையைத் தூக்கி எறிந்தோம். இந்தப் பிராணிகளுக்கு உஷ்ணம் ஆகாயத்திலிருந்து வருவதுதான் பழக்கம். வயிற்றுக்கடியில் பாறை சுட்டால் விலகத் தெரியாமல் வெந்துபோகிறவை உண்டாம். அதற்குப் பதிலாக, வெண்மையான வெளிச்சம் தரும் ஹாலஜன் விளக்கு ஒன்றைக் கூரையிலிருந்து தொங்கவிட்டு, அகத்தியர் தாவித் தொட முடியாதபடி கம்பிக்கூடு போட்டோம். அதைத் தெர்மோஸ்டாட்டோடு இணைத்தோம். இந்தக் கருவியில்லாமல் விளக்கு மட்டும் வைப்பது, பாலை அடுப்பில் வைத்துவிட்டு ஊர்க்கதை பேசப் போவது போன்றது. கல்லின் சூட்டை அளக்க, துப்பாக்கி போன்ற ஒரு வெப்பமானி இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு மருமான் இரண்டு நாள் வீட்டிலுள்ள எல்லாவற்றையும் சுட்டான். என் வழுக்கை முப்பத்து மூன்று டிகிரி.

இனி, விளக்குகளுக்கெல்லாம் அரசனான யூ.வி.பி. குழல். வீட்டின் நீளத்தில் பாதிக்கு மேல் வருகிற புதிய குழலை, சூடான கோடியிலிருந்து தொடங்கும்படி, கூரையின் உட்புறத்திலேயே பொருத்தினோம். நடுவில் கண்ணாடி கிடையாது. நெருக்கமான கம்பிவலை வைத்தால்கூட மூன்றில் ஒரு பங்கு கிரணம் வீணாகும். காயும் கல்லிலிருந்து குழல் ஓரடிக்குச் சற்று அதிக உயரத்தில் இருக்கிறது. டாக்டரிடம் கருவியை இரவல் வாங்கி அங்கே பிடித்தோம், 4 காட்டியது. குளிர்ந்த கோடியில் பூஜ்யம். அதுவும் வேண்டியதே. வெயிலைப் போலவே கிரணத்திலிருந்தும் ஒதுங்க நிழல் வேண்டாமா? உள்ளே ஒரு கிளையையும் சாய்த்து வைத்தோம். அவர் சொந்த ஊரில் வேலிக் கம்பத்தின்மேல் ஏறி உட்காரும் வம்சம் அல்லவா?

சிவப்பு பல்பும் ஒழிந்தது. இரவில் ஓணானுக்கு வெளிச்சமே கூடாது. ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்து மாக்ஸ் பிளாங்க் மூளை ஆராய்ச்சி நிலையத்தார் 2016-இல் வெளியிட்ட சோதனையில், உறங்கும் தாடி ஓணானின் மூளையில், மனிதன் கனவு காணும்போது உண்டாகும் உறக்க நிலையும் ஆழ்ந்த உறக்க நிலையும் சுமார் எண்பது விநாடிக்கு ஒரு சுற்றாக மாறி மாறி வருவதைக் கண்டார்கள். அகத்தியர் கனவு காண்கிறாரா என்பதை நான் சொல்ல முடியாது. ஆனால் தலையுச்சியில் வெளிச்சத்தை உணரும் மூன்றாவது கண் ஒன்று அவருக்கு உண்டு. இமைகள் இரண்டையும் மூடினாலும் அது மூடாது. இப்பேர்ப்பட்டவருக்கு இரவெல்லாம் சிவப்பு விளக்கு எரித்தோமே! இரவில் உஷ்ணம் பதினெட்டு டிகிரிக்குக் கீழே போகாமலிருந்தால் சரி. குளிர் அதிகமானால், வெளிச்சம் தராத பீங்கான் சூடேற்றி ஒன்று தானே வேலை செய்யும்படி வைத்தோம்.

தரைக்கு மணலை நீக்கிவிட்டுப் பத்திரிகைக் காகிதம் விரித்தோம். குட்டிகள் இரையோடு மணலையும் விழுங்கி, குடல் அடைபட்டுத் துன்பப்படுவதுண்டு. வளர்ந்த பிறகு, களிமண் கலந்த செம்மண் இட்டால் தோண்டி விளையாடும். அதுவரை காகிதமே சிலாக்கியம். தினந்தோறும் அசுத்தமானதைச் சுருட்டி எறிந்துவிடலாம். என் கட்டுரை வெளியான பக்கங்கள் சில அந்தத் திருப்பணிக்குப் பயன்பட்டன. இத்தனை கவனமாக அவற்றை யாரும் உற்றுப் பார்த்து நான் கண்டதில்லை.

வீட்டைத் தரையில் வைக்காமல் இடுப்பளவு மேஜைமேல் வைத்தோம். தலைக்கு மேலிருந்து கை வந்தால் அவருக்குப் பருந்து வந்ததாகத்தான் படும். கதவுக்குப் பூட்டும் போட்டோம். இது வேடிக்கையல்ல. இங்கிலாந்தில் லிங்கன் சர்வகலாசாலையார், ஓர் ஓணானுக்குக் கம்பிக் கதவைத் தலையால் தள்ளித் திறக்கப் பழக்கி, அதை மற்ற ஓணான்களுக்குக் காட்டினார்கள். பார்த்தவை யாவும் தாமும் திறந்துவிட்டன. பார்க்காதவை ஒன்றும் திறக்கவில்லை. அந்தப் பரீட்சையைப் படித்த பிறகு, அகத்தியர் முன்னிலையில் நாங்கள் கதவைத் திறப்பதேயில்லை என்று சொன்னால் மிகை. பூட்டுப் போட்டது மெய்.

“தனியாக இருக்கிறாரே, துணைக்கு ஒரு லோபாமுத்திரை வாங்கலாமா?” என்று தங்கை ஒரு நாள் கேட்டாள். டாக்டர் தலையசைத்தார். இந்த இனம் தனிமையில்தான் நிம்மதியாக இருக்கும். இரண்டை ஒரே பெட்டியில் விட்டால், காயும் கல்லுக்கு ஒன்றே உரிமை கொண்டாடும், மற்றது இளைக்கும். விரலையும் வாலையும் கடித்துத் துண்டிப்பதுமுண்டு. பல்லிக்கு வால் முளைக்கும்; இவருக்கு முளைக்காது. ஒன்று கூறிவிட வேண்டும்: வீட்டில் குழந்தைகள் இருந்தால், ஓணானைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் தொட விடக் கூடாது. ஆரோக்கியமான பிராணியின் மலத்திலும் வயிற்று நோய்க் கிருமிகள் இருக்கக்கூடும்.

ஜூன் மாதம் இரண்டாவது வாரத்தில் கிருகப் பிரவேசம் நடந்தது. அகத்தியரால் கிளையில் ஏற முடியவில்லை. கல்லின்மேல் மருமான் எடுத்து வைத்தான்; அதையும் தாழ்த்தி வைத்தோம், விழுந்தால் எலும்பு முறியுமே என்று. டாக்டர் கொடுத்த சுண்ணாம்புச் சத்து மருந்தை ஊசியில்லாத குழாயால் சொட்டுச் சொட்டாக வாயில் விட வேண்டும். மருமான் பள்ளிக்கூடம் போனபின் அந்தக் கைங்கரியம் என்னுடையது. மடியில் துண்டை விரித்து அவரை உட்காரவைத்துக்கொள்வேன். குத்தவுமில்லை, குடையவுமில்லை. கழுத்தை நீட்டி என் சட்டைப் பித்தானைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். மூன்றாவது வாரம் விரல் துடிப்பு நின்றது. ஜூலைக் கடைசியில் ஒரு நாள் காலை, விளக்கு ஏறிய அரை மணிக்கெல்லாம் வயிற்றைத் தூக்கி நாலு காலில் நடந்து குளிர்ந்த கோடிக்குப் போனார், சிறிது நேரம் நின்றார், திரும்பி வந்தார். மருமான் அன்று பள்ளிக்கூடத்துக்கு அரை மணி தாமதம்.

கீழ்த் தாடை இடப்பக்கம் சற்றுக் கோணியபடியே நின்றுவிட்டது. அது நேராகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

செப்டம்பரில் நான் ஊருக்குப் புறப்பட்டபோது, தங்கை வீட்டுத் தினசரிக் காலண்டரில் பையன் ஒரு தாளை மடித்து வைத்திருந்தான். என்னவென்று கேட்டேன். வருகிற ஜூனில் குழலை மாற்ற வேண்டிய தேதியைப் புதுக் காலண்டரில் குறித்துக்கொள்வதற்கு அடையாளமாம். பன்னிரண்டு மாதம் ஆனால், கண்ணுக்கு எப்படி எரிந்தாலும், மாற்றிவிட வேண்டும்.

2024-ஆம் வருஷம் ஜூன் மாதம் அவனிடமிருந்து கடிதம் வந்தது. “மாமா, அகத்தியர் சௌக்கியம். கிளையின் உச்சியில்தான் தூங்குகிறார். இன்றைக்குப் புதுக் குழல் போட்டோம். பழைய குழல் இன்னும் பிரகாசமாகத்தான் எரிகிறது. அப்பா அதைக் கார் நிறுத்தும் கொட்டகையில் மாட்டியிருக்கிறார்.”